முதிரையில் ஓடிய கட்டர்

துசாந்தினிக்கு மரவேலை நாற்பது வயதில்தான் வந்தது. அதுவரை கல்லடியில் தையல்காரி. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, அது அவளுடைய புருசன் கேதீசனையும் தையல் மெசினையும் ஒன்றாகவே கொண்டு போனது. பள்ளிக்கூட முகாமில் இருந்த நாட்களில் அவள் ஊரின் மறுபக்கத்து வாவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் அசையாமல் கிடக்கும். இதுவும் அந்தக் கடலோடு சேர்ந்ததுதான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

ஒரு நிறுவனம் பெண்களுக்குத் தச்சுவேலை பழக்க வந்தது. எதையாவது வெட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று பெயர் கொடுத்தாள். பயிற்சி முடிவில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே, மரத்தின் ஓரங்களில் வளைவும் பள்ளமும் வெட்டுகிற றவுட்டர் மெசின் ஒன்று; அதில் பூட்டப் பன்னிரண்டு கட்டர்கள், சிவப்பு மை பூசி, மிட்டாய் மாதிரி.

முதல் கதவிலேயே மரம் கருகியது. மூன்றாவது கதவில் கட்டரின் வெட்டுநுனி ஒட்டு விட்டுத் தெறித்து, காதோரமாகப் போய்ப் பலகைச் சுவரில் இறங்கியது. மெசினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் தான் கேதீசனை நினைக்கவில்லை என்பது தெரிந்தது. பயமாக இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் திரும்பிப் போகவும் ஆசையாக இருந்தது.

மெசின் மூலையில் கிடக்க, மூன்று வருசம் உளியோடு போனது. இடையிடையே மிச்சக் கட்டர்களை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். வெட்டுநுனி காகிதம் போல மெலிசு. ஒட்டின கோட்டில் ஊசித் துளைகள். கண்ணாடித் துண்டில் உருட்டினால் தண்டு தள்ளாடியது. நல்ல ஊசியையும் கெட்ட ஊசியையும் பிரித்தறிந்த கண்ணுக்கு இது போதும்.

2009 தை மாதம், அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு காத்தான்குடியில் மஜீட்டின் ஹாட்வெயார் கடைக்குப் போனாள். அங்கிருந்த ஆறு கட்டர்களையும் உருட்டினாள்.

"கண்ணாடியில என்ன பாக்கிறீங்க, தங்கச்சி?" என்று மஜீட் கேட்டார்.

"தண்டு நேரா உருளுதா எண்டு பாக்கிறன், நானா. இது ஆடினா மரம் எரியும்."

ஆறும் ஆடின. மஜீட் அவற்றை ஒதுக்கி வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தார். அவர் டோஹாவில் கதவுத் தொழிற்சாலையில் பத்து வருசம் வேலை செய்து, சொந்தப் பட்டறைக்கென்று வாங்கி வந்த கட்டர்கள். பட்டறையைக் கடல் கொண்டு போனது; கிறீஸ் பூசிச் சுற்றிய இந்தத் தகரம் மட்டும் மண்ணுக்குள் கிடைத்தது.

"இது விக்கிறதுக்கில்ல," என்றார்.

அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். கனத்தது. தடித்த நுனி, நூல் தெரியாத மடிப்புத் தையல் போல ஒட்டு. நகத்தில் மெல்ல இழுத்தாள். வெள்ளைத் தூள் சீவி வந்தது. முனையிலிருந்த சின்னப் பெயாரிங்கைச் சுண்டினாள், சத்தமில்லாமல் சுழன்றது. மஜீட் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட முன்கதவுக்கு வாங்கின முதிரைப் பலகை நாலு வரிசமா சாஞ்சி கிடக்கு. எனக்குக் கை போகுதில்ல. இத வெச்சி நீங்க செஞ்சி தாறீங்களா?"

"ஓம்," என்றாள்.

முதிரை கடும் மரம். ஒரேயடியாக வெட்டாமல் மும்முறையாக ஆழப்படுத்தினாள். கத்தரிக்கோலைத் திறந்தபடி பட்டுத்துணியில் ஓடவிடுவது போல ஒரு சத்தம். மஞ்சள் தூள் அவள் வேலை செய்யும் கொட்டிலை நிறைத்தது. வெயில் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கியது. தண்ணீருக்கடியில் இருப்பது போலிருந்தும் அவளுக்கு மூச்சு முட்டவில்லை. மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக அவளை நோக்கி வந்து, தொட்டுவிட்டு விலகின.

வைகாசியில் ஒரு நாள் பட்டணத்துப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி வேலியருகே வந்து நின்றாள். அவளுடைய மகன் சண்டை நடந்த வன்னியில். தைக்குப் பிறகு செய்தியில்லை.

"சண்டை முடிஞ்சிட்டாம்," என்றாள். பிறகு, "அந்த மெசினக் கொஞ்சம் ஓடவிடு புள்ள. வெடிச்சத்தம் கேக்காம இரிக்கும்."

அன்றைய வேலை முடிந்திருந்தது. ஆனாலும் துசாந்தினி கழிவுப் பலகைகளை எடுத்து, பின்னேரம் முழுக்க ஓரம் வெட்டினாள். அன்னப்பூரணி தலையிலும் மடியிலும் தூள் படிய, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஆனிக் கடைசியில், மகன் ஒரு முகாமில் இருப்பதாகக் கடிதம் வந்தது.

ஆடியில் மஜீட் வீட்டு நிலையில் கதவைப் பொருத்தினார்கள். மஜீட் அதை மூன்று தரம் திறந்து சாத்தினார். வளைந்த ஓரத்தில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். துசாந்தினி தகரத்தை நீட்டினாள், அவர் வாங்கவில்லை.

"வெள்ளிக்கிழம தவிர மத்த நாள்ல," என்று தயங்கினார், "உங்கட கொட்டிலுக்கு நானும் வேலைக்கி வரட்டா?"