பூஜைக்குப் போன லேப்டாப்

மலையாளச் சீமையில் கரமனை அக்ரஹாரத்துக் கல்யாணராமன் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் அவளுடைய லேப்டாப் பூஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூத்தைச் சொல்வதற்கு முன்னால், பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு லேப்டாப்பில் என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும்.

கோடை விடுமுறையில் ஒருநாள் மருதாணி டிசைன் தேடிப் போனவள், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் ஒரு மலையாள வீடியோவில் போய் விழுந்தாள். பைத்தான் என்று ஒரு மொழியாம். அதில் சொன்னபடி ஒரு வரி தட்டினாள். திரையில் 'நமஸ்காரம்' என்று வந்தது. சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கிற ஒரு ஜீவனை அந்த வீட்டில் அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

மறுநாளே அது மறுபேச்சும் பேசியது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் போதும், சிவப்பு எழுத்தில் திட்டித் தீர்த்துவிடும். முதலில் அழுதாள். பிறகு அந்தத் திட்டைப் பொறுமையாகப் படித்தால் எந்த வரியில் தப்பு என்று அதிலேயே எழுதியிருப்பதைக் கண்டுகொண்டாள். கணக்கு டீச்சர்கூட அவளை இவ்வளவு விவரமாகத் திட்டியதில்லை.

கல்யாணராமனுக்கு இதெல்லாம் கண்ணில் கரித்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிற மனிதர் அவர். வருஷா வருஷம் வருகிற ஆடிட்டருக்குக் கடையில் நடக்கும் உபசாரத்தைப் பார்த்துவிட்டு, மகள் ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்து சி.ஏ. படிக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். மகளுக்கோ கம்ப்யூட்டர் சயன்ஸ்.

"திரைன்னு ஒண்ணு இருந்தா அது விளையாட்டுதான். லேப்டாப்பானா பெரிய விளையாட்டு, போனானா சின்ன விளையாட்டு" என்பார்.

"அப்பா, இது படிப்பாக்கும்! புஸ்தகம் எப்படியோ அப்படித்தான் லேப்டாப்பும்" என்று இவள் கத்துவாள். சாப்பிடும்போது கத்துவாள், விருந்தாளிகள் முன்னாலும் கத்துவாள். அம்மா விஜயலக்ஷ்மி கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தது பெரிய ஆபத்து என்று இவளுக்கு அப்போது தெரியவில்லை.

டெக்னோபார்க்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, கிறிஸ்துமஸ் லீவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவதாக அறிவித்தது. சொந்தமாக ஒரு நிரல் எழுதி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துச் சேர்ப்பார்கள். கல்யாணராமன் பெரிய மனதோடு இறங்கிவந்தார்.

"அதுல உன்னை எடுத்தா கம்ப்யூட்டர் சயன்ஸ். இல்லேன்னா காமர்ஸ். அப்புறம் பேச்சு கிடையாது, கேட்டியா?"

அனுப்பக் கடைசி நாள் மகாநவமி சாயங்காலம். விஷ்ணுப்ரியா எடுத்துக்கொண்ட விஷயம் சுண்டல். நவராத்திரியில் தெருவில் வீட்டுக்கு வீடு கொலு. எந்த வீட்டில் என்றைக்கு என்ன சுண்டல் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துவிட்டாள். காராமணி அவளுக்கு ஆகவே ஆகாது. தேதியைச் சொன்னால், கடலைச் சுண்டல் கிடைக்கும் வீட்டை நிரல் சொல்லிவிடும். முகப்பில் குத்துவிளக்கு ஆடும், உள்ளே போகப் பாஸ்வேர்டு கேட்கும். விளக்கும் பாஸ்வேர்டும் வீடியோக்களிலிருந்து அப்படியே பெயர்த்து ஒட்டியவை. சுண்டலுக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

துர்காஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருந்து மதிக்கிற சட்டம் இது ஒன்றுதான். அன்று எதிர்வீட்டுக் கொலுவில் கடலைச் சுண்டலைச் சரிபார்த்துவிட்டு விஷ்ணுப்ரியா திரும்பி வந்தபோது, பூஜையறையில் எல்லாம் முடிந்திருந்தது. மேலே சரஸ்வதி படம், கீழே பட்டுத்துணி. துணிக்கடியில் அப்பாவின் கால்குலேட்டர், அம்மாவின் சுருதிப்பெட்டி, அவளுடைய பாடப் புஸ்தகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, அவளுடைய லேப்டாப்.

"அம்மா! இதை எதுக்கு வெச்சே?"

"நீதானேடீ சொன்னாய், புஸ்தகம் எப்படியோ அப்படித்தான்னு. படிக்கற சாமானை வெளியில வெச்சா தோஷமில்லியோ?"

"நாளைக்குச் சாயங்காலம் அனுப்பணும்மா!"

"மேலே சரஸ்வதி உக்காந்திருக்கா. நான் எப்படிடீ எடுப்பேன்?"

கல்யாணராமன் பேப்பரை மடித்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "ஒரு வழி இருக்கு. அது விளையாட்டுச் சாமான்னு உன் வாயால சொல்லிடு. அறியாம வெச்சுட்டோம்னு சரஸ்வதிகிட்ட பறஞ்சுட்டு நானே எடுத்துத் தரேன்."

விஷ்ணுப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால், இத்தனை நாள் போட்ட சண்டையெல்லாம் வீண், காமர்ஸ். சொல்லாவிட்டால் நிரல் போகாது, காமர்ஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆடிட்டர்தான் நின்றார்.

"படிப்புதான்" என்றாள். "அங்கேயே இருக்கட்டும்."

ரோஷத்தோடு சொல்லிவிட்டு அறைக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். சரஸ்வதியையும் கொஞ்சம் திட்டினாள். அரையாண்டுப் பரீட்சை ஞாபகம் வந்ததும் அவசரமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

நவமியன்று காலை எழுந்திருக்க மனமில்லாமல், திரை கீறல் விட்ட பழைய போனை நோண்டிக்கொண்டு கிடந்தாள். அந்த வழியாகப் போன கல்யாணராமன் நின்றார். "பாரு, நல்ல நாளும் அதுவுமா விளையாட்டு!"

அவள் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, போன்ல என்ன பண்ணினாலும் விளையாட்டுதானே?"

"பின்னே? அதிலென்ன சம்சயம்?"

"அம்மா! இன்னிக்கு விளையாடலாமா?"

"படிக்கத்தான்டீ படாது. விளையாடிக்கோ" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

போனிலும் நிரல் எழுதலாம். ஆனால் எழுதியதெல்லாம் லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. வேறெங்கும் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளாத சோம்பேறித்தனம். ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தாள். குத்துவிளக்கு வரவில்லை. பாஸ்வேர்டு வரவே இல்லை. விரல் அந்தரத்தில் நின்றது. ஐயோ, நான் எழுதினேன் நான் எழுதினேன் என்று ஊரெல்லாம் சொன்னோமே, இதில் நான் எழுதியது எது? அவமானத்தில் காது சுட்டது அவளுக்கு.

அழுது அழுது சரிசெய்த வரிகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. சுண்டல் பட்டியல் வந்தது. தேதி கேட்பது வந்தது. காராமணியைத் தள்ளுவது கண்ணை மூடிக்கொண்டே வந்தது. போன் தன் இஷ்டத்துக்கு எழுத்தைத் திருத்தும், இவள் அதைத் திருத்துவாள். நடுவில் கொலு பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அம்மா இழுத்துக்கொண்டு போனாள். பாதிப் பாட்டில், கடலையே இல்லாத தேதி வந்தால் நிரல் என்ன செய்யும் என்ற கேள்வி மண்டையில் உதைக்க, அப்படியே நிறுத்திவிட்டாள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து வந்தவர்கள், "பேஷ், என்ன நிறுத்தல்!" என்று பாராட்டினார்கள். விளக்கேற்றும் நேரத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு நிரல் ஓடியது. அனுப்பிவிட்டாள்.

விஜயதசமி காலை, படிப்பைத் தொடங்கும் ஊர் வழக்கப்படி, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'ஹரி ஸ்ரீ' எழுதிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பழைய நிரலில் குத்துவிளக்கு அழகாகத்தான் ஆடியது. இரவல் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றது போலக் கூச்சமாக இருந்தது. மூடி வைத்தாள்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஷிஜி என்ற பெண் வீடியோவில் கூப்பிட்டாள். வந்தவற்றில் இதுதான் மிகச் சிறியது என்று மலையாளத்தில் தொடங்கியதும், காமர்ஸ்தான் என்று விஷ்ணுப்ரியா முடிவு கட்டிவிட்டாள். இந்த வரி எதற்கு, இதை எடுத்தால் என்ன ஆகும் என்று ஷிஜி கேட்கக் கேட்க, அவள் வாய் திறந்துகொண்டது. வரி வரியாகச் சொன்னாள். நிறுத்தச் சொல்லியும் சொன்னாள்.

"கடலை இல்லாத நாளில்?"

"'வீட்டிலேயே கிட' என்று சொல்லும்."

ஷிஜி விழுந்து விழுந்து சிரித்தாள். மற்ற பிள்ளைகளின் பெரிய பெரிய நிரல்களில் வரிக்கு அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள் என்றாள். மறுநாள் முகாமில் இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது.

கல்யாணராமன் அதை இரண்டு தரம் படித்தார். "லேப்டாப் பூஜையில இருந்துதே. எதுலடீ எழுதினாய்?"

"போன்ல."

"என்னிக்கு?"

"நவமியன்னிக்கு."

"நவமியன்னிக்கு எழுதினாயா? அபசாரம்!"

"எழுதலையேப்பா. விளையாடிண்டிருந்தேன். நீங்களே பாத்தேளே."

கல்யாணராமன் யோசித்தார். படிப்பு என்றால் வீட்டில் தோஷம் நடந்துவிட்டது. விளையாட்டு என்றால், அந்த விளையாட்டுக்குத்தான் கம்பெனிக்காரன் கூப்பிட்டு இடம் கொடுத்திருக்கிறான். எத்தனையோ ஆடிட்டர்களைச் சமாளித்த மனிதர் செய்தியை மூன்றாம் தரமும் படித்தார்.

"சரி" என்றார் கடைசியில். "கம்ப்யூட்டர் சயன்ஸே எடுத்துத் தொலை."

விஷ்ணுப்ரியா குதித்த குதியில் கொலுப்படி பிரித்து அடுக்கிய பெட்டி ஆடியது. விஜயலக்ஷ்மி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாகத் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"அப்போ போனும் படிப்புதான். அடுத்த வருஷம் முதல் எல்லார் போனையும் பூஜைக்கு வெச்சுடலாம்."

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கிரிக்கெட் வீடியோவைப் பார்க்கத் தொடங்கியிருந்த கல்யாணராமன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எல்லார் போனையுமா? விஜயம், என்னோடது வெறும் விளையாட்டாக்கும்!"