கல்யாணத்துக்கொரு பூச்சு

கலையரசி 2001-ஆம் ஆண்டு பெருமுக்கல்லுக்கு அருகில் பிறந்தவள். தாய் லூர்துமேரி பிறர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி, அவளைத் திண்டிவனத்தில் இயந்திரவியல் பட்டயம் வரை படிக்க வைத்தாள். படித்தவள் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டாண்டுகள் ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கினாள். உறவினர் கண்ணுக்கு அது உத்தியோகம். அதை உதறிவிட்டுக் கூட்டேரிப்பட்டில் பெரியப்பா மகன் சகாயராஜின் பட்டறையில் பழைய கார்களைப் புதுப்பிக்கச் சேர்ந்ததும், அதே உறவினருக்கு அவள் தகரம் தட்டுகிறவள் ஆகிப்போனாள்.

"மாப்ள வூட்ல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்று சித்தி ஒருத்தி அங்கலாய்த்தாள்.

"காயலாங்கடை ராணின்னு சொல்லுங்க சித்தி."

அவள் உலகில் மிகக் கேவலமாக நினைத்தது ஒன்றைத்தான்: பட்டி. துருவை வெட்டி எறியத் துணிவில்லாதவர்கள் அதன்மேல் அப்பித் தேய்த்து, சாயம் பூசி மறைக்கும் மாவு அது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் அவள் சட்டைப் பையில் இருக்கும். வரும் வண்டியின் உடம்பில் அதை வைப்பாள். இரும்பில் ஒட்டும், பட்டியில் வழுக்கி விழும். விழும்போதெல்லாம் உரிமையாளர் முகத்தை அவள் பார்க்கும் பார்வை, வாடிக்கையாளரைப் பிடிக்கும் பார்வை அன்று.

முதலிலிருந்து கடைசிவரை அவள் கையாலேயே ஒரு வண்டியை முடிக்கலாம் என்று சகாயராஜ் வாக்களித்திருந்தான். அப்படி வந்ததுதான் 2024 மே மாதத்தில் பனமலைப் பக்கத்து நிலக்கிழார் ஜெகதீசனின் அம்பாசிடர்.

"எங்கப்பா உட்கார்ந்த வண்டி. பன்னண்டு நாள்ல விழுப்புரத்துல பொண்ணு கல்யாணம். பளபளன்னு இருக்கணும்," என்றார் ஜெகதீசன்.

அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கொரு பூச்சு பூசுவது வழக்கம். கலையரசி கதவோரத்தைச் சுரண்டினாள். வெள்ளை, பச்சை, பாலேடு நிறம், நீலம், சாம்பல், மறுபடி வெள்ளை என ஆறு கல்யாணங்கள் அடுக்கடுக்காக வந்தன. காந்தம் கதவில் நிற்கவில்லை, பின்பக்கத்திலும் நிற்கவில்லை. பிறகு அவள் ரப்பர் விரிப்பைத் தூக்கினாள்.

அம்பாசிடருக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. தரைத் தகடும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகிறது. அந்தத் தரை அப்பளமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாவின் ஆசனத்தையும் அவர் கால்வைத்த தரையையும் கழுவி, பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, ஈரத்தை விரிப்புக்கு அடியிலேயே விட்டு மூடியிருக்கிறார்கள். முப்பதாண்டு பக்தி தின்றது போக மீதிதான் இருந்தது.

ஓட்டுநர் காலடியில் ஒரு மரப்பலகை கிடந்தது. வண்டியை ஓட்டிவந்த பெரியசாமியை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "சொன்னா, நீதான்டா கெடுத்தன்னுவாரு. அதான் பலகையப் போட்டு ஓட்டிக்கினு இருந்தேன்."

கலையரசி ஜெகதீசனிடம் சொன்னாள்: "சார், தரைய வெட்டிப் புதுசு போடணும். நாலு மாசம் ஆவும்."

"அப்பா வண்டிய வெட்டுவியா? நல்லாருக்கும்மா பேச்சு! பட்டி போட்டுப் பெயின்ட் அடிச்சுக் குடு, போதும்."

சகாயராஜ் அவளை ஓரமாக இழுத்தான். "பூசிக் குடுத்துடலாம்டி. பேஜாரு பண்ணாத."

"என் மொத வண்டிண்ணா இது. பட்டிய அப்பிட்டு என் வேலைன்னு சொல்லிக்கச் சொல்றியா?"

திரும்பி வந்தவள் பின்னிருக்கையைக் கழற்றி வெளியே வைத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா காலு வச்ச எடம் சார். ஏறி நில்லுங்க. தாங்கிச்சுன்னா இன்னிக்கே பட்டி போடறேன்."

ஜெகதீசன் வேட்டியை மடித்துக் கட்டினார். உள்ளே குனிந்து பார்த்தார். பொட்டு வைத்த இடத்தைச் சுற்றித் தகட்டின் துளைகள் வழியே பட்டறை மண் தெரிந்தது. தந்தையின் பெருமையை ஊரெல்லாம் பேசியவர், அதன்மேல் தம் எடையை வைக்க விரும்பவில்லை.

"பெரியசாமி, நீ ஏறுடா."

பெரியசாமி அசையவில்லை. கலையரசி, "இது அவரு அப்பா வண்டி இல்லியே சார்," என்றாள்.

ஜெகதீசன் வேட்டியை இறக்கிவிட்டார். வெளியே நெடுஞ்சாலையில் போன பேருந்துகள் மூன்றை முறைத்துப் பார்த்தார். பின்பு, "கல்யாணத்துக்கு வாடகை வண்டி பாத்துக்கறேன்," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். "நீ வெட்டறத வெட்டு."

அந்த மனிதர் அத்துடன் திருந்திவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் சம்பந்தியிடம், "மேலால பூசறதெல்லாம் நமக்கு ஆவாதுங்க. அடியிலேர்ந்து பண்ணுங்கன்னு நான்தான் சொல்லிட்டேன்," என்று முழங்கியதைப் பெரியசாமி கேட்டுவந்து சொன்னார்.

"சொல்லிக்கட்டும்," என்றாள் கலையரசி. பட்டியையெல்லாம் சுரண்டி முடித்திருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை முகத்தில் இறக்கி, முதல் தகட்டை வெட்டத் தொடங்கினாள்.