அக்காவின் பெயர் ஒட்டிய குழாய்

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவரின் அண்ணன் இறந்து எட்டு வருடமாகியும், கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் மகளோடு இருந்தாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங் வேலை.

ஒரு சனிக்கிழமை சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து எங்கள் தெருப் பெண்களுக்கு ஆளுக்கொரு கவர் கொடுத்தார். உள்ளே ஒரு மெல்லிய பிரஷ், மூடி போட்ட குழாய், பெயர் எழுதிய ஸ்டிக்கர். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. யார் முன்னாலும் துணி விலக்க வேண்டாம், பாத்ரூமில் நாமே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார். கிருமி எப்படி வரும் என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி சேர்க்கையில வர்றதுதான். வெளிய தெரியாது, பல வருஷம் உள்ளயே இருக்கும்."

முதல் வாக்கியத்திலேயே அக்காவின் முகம் மாறிவிட்டது. இரண்டாவதைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

மறுநாள் நான் எடுத்துவிட்டேன். கொஞ்சம் கூச்சம், வலி இல்லை. மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கவரைப் பிரிக்கவே இல்லை.

"அவரு போயி எட்டு வருஷமாச்சு. எனக்கு எதுக்குடி இது? இருக்குன்னு வந்தா, இவ எங்க போயிட்டு வந்தான்னுதானே கேப்பாங்க?"

"யாருக்கா கேப்பாங்க?"

"நம்ம மாமியாரே மொதல்ல கேப்பாங்க."

கேட்கக்கூடியவர்தான்.

"குடுக்கலன்னா அந்த நர்ஸம்மா வாசல்ல வந்து நிப்பாங்க. என்னோட குழாயிலயும் நீயே எடுத்துக் குடுத்துடு. உனக்கு ஒண்ணும் இருக்காது."

கொடுத்தேன். அன்றைக்கு அதை உதவி என்றுதான் நினைத்தேன். இருவருக்கும் கிருமி இல்லை என்று தாள் வந்தது.

அடுத்த வருடம், மாதவிலக்கு நின்றுபோயிருந்த அக்காவுக்கு மறுபடி இரத்தம் படத் தொடங்கியது. மூன்று மாதம் மறைத்தாள். கம்பெனி வேனில் ஏறும்போது புடவையில் கறையைப் பார்த்துவிட்டு நான்தான் பிடிவாதமாக ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி, கிருமி இல்லை என்று வந்த அந்தத் தாளை அக்கா எடுத்து நீட்டினாள்.

"இதுல நார்மல்னு இருக்கே. சரி, இப்போதைக்கு மாத்திரை போடுங்க. கட்டாயம் திரும்ப வாங்க."

மேசைக்கு அடியில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் மாத்திரையிலேயே போனது. இடுப்பு வலி வந்தது, கால் வீங்கியது, பக்கத்தில் உட்கார முடியாத ஒரு வாடை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டு, புற்றுநோய் வெளியேயும் பரவிவிட்டது என்றார்கள். அங்கேதான் நான் உண்மையைச் சொன்னேன். அந்த டாக்டர் திட்டவில்லை. தாளை வாங்கி அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு காலையில் அக்கா கேட்டாள்.

"நானாச்சும் எனக்காகப் பயந்தேன். நீ எதுக்குடி அன்னிக்கு அந்த டாக்டர்கிட்ட சொல்லப் பயந்த?"



ஐப்பசி மழையில் இறந்துபோனாள். காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, அவள் மகள் என்னிடம் வந்து நின்றாள். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது, பிறகு எப்படி என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அது உங்களோடதா சித்தி?"

"ஆமாம்மா."

அவள் அழவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த மாதமே காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்கிறாள். அதற்குமேல் நானும் கேட்பதில்லை.