சுவருக்குப் பின்னால் நடந்த குதிரை

மாத்தளையில் அந்த ஏப்ரல் வெயில் இருக்கிறதே, அதைச் சொல்லப் போனால் சொல்கிற தொண்டையும் வறண்டுவிடும். மலை சூழ்ந்த ஊர், குளிர்ச்சியான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். அவர்களை அந்த வாரம் ஊருக்குள்ளே கொங்காவளையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார வைத்திருக்க வேண்டும்! ஃபேன் சுற்றியது. சுற்றி என்ன செய்ய, அனலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வாரத்தில்தான் முனவ்வரா, அறுபதைத் தாண்டிய வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கௌபாய் படம் பார்த்தாள்.

அதற்குக் காரணம் மனசு லேசாகியிருந்ததுதான். அவளுடைய அண்ணன், அவள் வாயில் நானா, ஸெய்னுலாப்தீன் வில்கமுவையில் நெல் வியாபாரம் செய்கிறவர். கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, வயிற்றில் ஏதோ என்று கண்டிக்குப் போய் டெஸ்ட் எல்லாம் எடுத்திருந்தார். முடிவு வரும்வரை முனவ்வரா முள்ளின் மேல் இருந்தாள். கடைசியில் நானாவே ஃபோன் எடுத்தார்.

"ஒண்ணுமில்ல முனா. வெறும் வாய்வுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. நீ நிம்மதியா இரி."

அல்ஹம்துலில்லாஹ்! அவள் நன்றி சொல்லிச் சுக்ரு தொழுதாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தாள். பிறகு டீவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மாமி, ஒங்களுக்கு என்ன போட?" என்று மருமகள் ஜஸ்லா கேட்டாள். மகன் கத்தாரில் இருக்கிறான். வீட்டில் டீவிக்கு அதிகாரி ஜஸ்லாதான்.

முனவ்வரா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "குதிரையும் துவக்கும் வாற பழைய இங்கிலீஷ் படம் ஈக்குமா?"

ஜஸ்லா சிரித்த சிரிப்பில் முன்னறையில் படுத்திருந்த கலந்தர் எழுந்து வந்துவிட்டார். முனவ்வராவின் கணவர், மசாலாக் கடைக்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். "ஏன் புள்ள, இந்த வயசில எந்த பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போற?" என்றார்.

அவர்களுக்கு என்ன தெரியும்? முனவ்வரா பிறந்து வளர்ந்த வீடு ஒரு தியேட்டரின் பின்சுவரோடு ஒட்டியிருந்தது. படம் ஓடினால் இவர்கள் வீட்டுச் சட்டி பானை அதிரும். பெண்பிள்ளையை வாப்பா படத்துக்கு விடுவாரா? அந்தப் பேச்சே இல்லை. ஆனால் காதை யார் பூட்ட முடியும்? குதிரைக் குளம்பு, துவக்கு வெடிக்கும் சத்தம், விசிலடித்துக்கொண்டே வரும் பாட்டு எல்லாம் அவளுக்குப் பாடம். பழைய கௌபாய் படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ரயிலில் வந்த படப்பெட்டியை ஸ்டேஷனிலிருந்து தலையில் சுமந்து வந்து கொடுத்தால் நானாவைச் சும்மா உள்ளே விடுவார்கள். வாப்பாவிடம் அடி வாங்கினாலும் வாங்குவாரே தவிர, நானா ஒரு படத்தைத் தவற விட்டதில்லை.

பார்த்துவிட்டு வந்து தங்கச்சிக்குச் சொல்வார். அது சும்மா பொழுதுபோக்குக்காகத் தொடங்கியதல்ல. உம்மா மௌத்தானபோது முனவ்வரா சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு சாவு என்ற சொல் காதில் விழுந்தாலே அழுவாள், அழுதால் சோறு தின்னமாட்டாள். ஒரு கோழி அறுத்தாலும் அன்றைக்குப் பட்டினிதான். ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டாள். அப்போதுதான் நானா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு குதிரைக் கதை சொல்லத் தொடங்கினார். "பொறகு?" என்று அவள் வாயைத் திறப்பாள். ஒரு பிடி உள்ளே போகும்.

இப்போது அந்தச் சத்தங்களுக்கெல்லாம் முகம் கிடைத்தது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை படம்தான். வெளியே தார் ரோடு உருகிக் கிடக்க, உள்ளே முனவ்வரா ஒரு துணியை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாலைவனத்தில் குதிரையோட்டினாள். அந்தப் பாலைவனத்தைப் பார்த்தால் மாத்தளையே பரவாயில்லை என்று தோன்றியதாம்! "இப்ப பாரு, அந்தக் கதவு உதைபடும்," என்பாள். கதவு உதைபடும். ஜஸ்லா வாயைப் பிளப்பாள். கலந்தரும் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே மூடிவிட்டு வந்து, இஷ்டமில்லாதவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பாலில்லாத பிளேன்டித் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டுமாக வீடே அமர்க்களப்பட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வாரம் இருந்ததில்லை என்று அவளே சொன்னாள்.

நானா சொன்னது அப்படியே இருந்தது. வில்லனின் தங்கப்பல், தொப்பியில் இருந்த ஓட்டை எல்லாம் அச்சு மாறவில்லை. ஒரு படத்தில் மட்டும் கூரையிலிருந்து விழுந்த கிழவரைப் புதைத்தார்கள். நானா சொன்ன கதையில் அவருக்குக் கால்தான் முறிந்திருந்தது. இன்னொரு படத்தில் ஒரு நாய் செத்துப்போனது. நானாவின் கதையில் அது குட்டி போட்டிருந்தது.

"எங்கட நானாவுக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்! வாய்க்கு வந்ததை அளந்து விட்டிருக்காரு," என்று முனவ்வரா சிரித்தாள்.

பிறகு அந்தப் படம் வந்தது. முதல் பாட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தியேட்டரில் எந்தப் படம் முடிந்தாலும் பெடியன்கள் விசிலடிப்பார்கள். இது முடிந்தால் மட்டும் விசில் இருக்காது. ஒரு வெடி, பிறகு அமைதி, பிறகு ஒற்றைக் குதிரையின் மெதுவான குளம்புச் சத்தம். அதோடு சரி. ஏன் யாரும் விசிலடிக்கவில்லை என்று அவள் அன்றைக்கே கேட்டிருந்தாள். "ஆளுக்குத் தாகம். ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் பின்னால நடந்து வாறாரு. குதிரை முன்னுக்குப் போய் வீட்ல சொல்லப் போகுது," என்றார் நானா. அவளும் நம்பினாள்.

நொண்டிக் கால் கிழவர் ஒருவர், சாம்பல் நிறக் குதிரை, ஒரு விதவையின் கிணறு. அந்தக் கிணற்றைக் காப்பாற்ற அவர் தனியாகப் போனார். வெடி கேட்டது. கிழவர் மண்ணில் விழுந்தார், எழும்பவே இல்லை. குதிரை மட்டும் வெறும் சேணத்தோடு திரும்பி நடந்தது.

முனவ்வரா குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜஸ்லா பதறிப்போய் டீவியை நிறுத்தினாள். "மாமி, படந்தானே!" கலந்தர் கேலி பண்ண வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்.

அஸர் தொழுதாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கருவாட்டுப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும். தின்னத் தின்னத்தான் அது அவளுக்கு உறைத்தது. கிழவர், நாய், இப்போது இந்த மனிதர். நானா மாற்றியது சாவுகளை மட்டும்தான். ஒருவன் செத்துக் கிடப்பதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு? தங்கச்சி தின்ன வேண்டும் என்பதற்காக அத்தனை பேரையும் அவர் உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

'ஒண்ணுமில்ல முனா.' பிளேன்டி குடித்துவிட்டுப் பின்னால் நடந்து வருகிறார் என்று சொன்ன அதே குரல். அல்லாவே, அச்சொட்டாக அதே குரல்! வாய்வு என்றதும் அந்தப் பிளேன்டி மாதிரித்தானா?

"காலைல வில்கமுவைக்குப் போகணும்," என்றாள்.

"இந்த வெயில்லயா? அவுருது நேரம், புதுவருஷத்துக்கு பஸ்ஸும் இல்லையே புள்ள," என்றார் கலந்தர். அவள் ஒரு பையை எடுத்து உடுப்பு மடித்து வைத்தாள். விடிந்ததும் பார்த்தால், அவர் கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்றார். வாய்தான் அப்படி, மனசு பொன். ஜஸ்லா அந்தப் படத்தைத் தன் டெப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தாள்.

பஸ்ஸுக்குக் காத்து, மலை வளைவுகளில் குலுங்கி, பாதி வழியில் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து, கடைசித் துண்டுக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, இரண்டு பேரும் புழுதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவள் மனசுக்குள் சண்டைக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டே போனாள். என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க, நான் யாரு, அன்னியமா? நானாவைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது. மாமரத்து நிழலில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மதினி, நானாவின் மனைவி, முனவ்வராவின் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவே இல்லை.

"என்ன முனா, இந்த அவிச்சல் வெயில்ல?" நானா எழும்பப் பார்த்தார்.

"ஒரு படம் கொண்டந்தேன்," என்றாள்.

கலந்தரும் மதினியும் உள்ளே போனார்கள். பாட்டு தொடங்கியதுதான் தாமதம், அந்த வாடிய முகத்தில் ஸ்டேஷனிலிருந்து பெட்டி சுமந்த பெடியன் வந்துவிட்டான். வாயாலேயே துவக்குச் சுட்டார். குதிரையைப் பார்த்து, "அடேய், நீ இன்னும் கிழவனாகல்லயா!" என்றார். முனவ்வராவுக்குச் சிரிப்பு வந்தது.

கிழவர் கிணற்றடிக்குத் தனியாக நடந்தார். நானா தங்கச்சியை ஒரு தரம் ஓரக் கண்ணால் பார்த்தார். பிறகு விரலை நீட்டிப் படத்தை நிறுத்தினார்.

"பெட்டரி போயிடும். மிச்சத்தை நான் சொல்றேன். எல்லாரையும் அடிச்சிப் போட்டுட்டு, ஒரு பிளேன்டி..."

"நானா, இதை நான் பார்த்துட்டேன்."

அவர் கை டெப்பின் மேல் அப்படியே நின்றது. "எதுவரைக்கும்?"

"குதிரை தனியா வாற வரைக்கும்."

மாமரத்தில் ஒரு இலை கூட அசையவில்லை. நானா வெயில் காய்ந்த முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதியா?"

"அழுதேன்."

"பொறகு?"

இவ்வளவு காலமும் அவள் கேட்ட கேள்வி. இப்போது அவர் கேட்டார்.

"பொறகு சோறு தின்னேன் நானா. கருவாட்டோட. ரெண்டாந்தரமும் போட்டுத் தின்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். நரைத்த முடியையும், புழுதி படிந்த முகத்தையும், அழாமல் இருந்த கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். "சோறு தின்னியா," என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார். பெரிய மூட்டை ஒன்றை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

"அப்ப சரி. கிட்ட வந்து இரி முனா," என்றார். "டொக்டர் என்ன சொன்னாருன்னு சொல்றேன்."

முனவ்வரா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.