சுவர்ப் பக்கத்து முனை

இது நடந்தது. என் இடுப்பின் மேல் சத்தியம். என் பிழைப்பே அதை நம்பித்தான் ஓடுகிறது, அதனால் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

என் பெயர் அம்சவல்லி. ஊர் வடக்குத்து. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன பங்குனியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் அய்யாசாமி என்ற பெரியவரைப் பார்க்கப் போனேன். அவர் மகன் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸ். மைன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம். பேச்சு இல்லை. நூற்றுப் பத்து கிலோ.

முதல் நாளே போர்வையை விலக்கிப் பார்த்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தொடை இடுக்கில் பவுடரும் வியர்வையும் சேர்ந்து மாவாக அப்பியிருந்தது. எத்தனை நாளாக யாரும் துடைக்கவில்லையோ! மருமகள் திலகவதி அறைக்குள்ளேயே வரமாட்டார். வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஆளை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நகர்த்திப் படுக்கவைக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தனியாகத் தூக்கவே கூடாது. ஆளுக்கு அடியில் மடித்த புடவையைப் போட்டு, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, எண்ணிக்கொண்டே சேர்ந்து இழுக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே டிஸ்க் விலகியிருக்கிறது. இன்னொரு தடவை என்றால் நானும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா, அந்தாண்ட ஒரு கை புடிங்க. ஒண்டியா இழுத்தா இடுப்பு போயிடுங்க."

"எனக்கு வாந்தி வருதும்மா. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கோம்."

இரும்புக் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. இடையில் நாலு விரல் சந்து. கட்டிலை இழுத்துப் போடலாமா என்று கேட்டதற்கு, திலகவதி வேண்டவே வேண்டாம் என்றார். ஆளை ஒருக்களித்து, தலையணை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சமாளித்தேன். அடியில் போட அவர் கொடுத்த புடவை மட்டும் நல்ல கனம். ஆனால் துவைக்கத் துவைக்க அதில் தேங்காய் எண்ணெய் வாடை வந்தது. அந்த வீட்டில் யாரும் எண்ணெயே வைப்பதில்லை.

பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். சுவர்ப் பக்கத்து ஓரத்தை நான் விரித்துத்தான் விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் சுருட்டியிருக்கும். பிடிப்பதற்குச் சுருட்டுகிற மாதிரி. கசங்கி... ஈரமாக.

பதினோராம் நாள். ரெண்டு மணி ஷிப்ட் பஸ் போன சத்தம் அடங்கிவிட்டது. மணி 2.10. திலகவதி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரியவர் கால்மாட்டுக்குச் சரிந்து கிடந்தார். புண் உரசி, சீழ் கசிந்தது. எத்தனை தள்ளியும் அசையவில்லை. ஆத்திரத்தில், செய்யக் கூடாததைச் செய்யப் போனேன். அவர் அக்குளில் கைகளை நுழைத்துக் குனிந்தேன்.

சர்ர்...

சுவர்ப் பக்கம் புடவை விறைத்தது.

பெரியவர் கண்கள் சுவரையே பார்த்தன. தண்ணீர் வழிந்தது.

"ஒண்ணு..."

சந்தில் இருந்துதான்.

என் கை தானாக இந்த முனையைப் பிடித்தது.

"ரெண்டு..."

எண்ணெய் வாடை.

"மூணு."

நூற்றுப் பத்து கிலோ, வழுக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனது. என் இடுப்பில் வலியே இல்லை.

மணி 2.12.

ரெண்டு காலையும் ஊன்றிக் கட்டிலை இழுத்தேன். சுவரில், தரையை ஒட்டி, காய்ந்த கருப்புக் கறை. அதில் ஒட்டிக்கொண்டு நீள நீளமாக முடி...

சத்தம் கேட்டுத் திலகவதி ஓடி வந்தார்.

"எனக்கு முன்ன யாருக்கா இங்க வேல பாத்தது?"

"கஸ்தூரியம்மாள். குறிஞ்சிப்பாடி. அப்ப கட்டில் சுவத்த விட்டுத் தள்ளித்தான் கெடந்துச்சு. தனியா தூக்கப் போய் இடுப்பு புடிச்சி, சுவத்துப் பக்கம் விழுந்துட்டா. மாமாவும் அவ மேல சரிஞ்சிட்டார். நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மறுநாள்தான் வந்தோம்..."

புடவையைக் காட்டினேன்.

"அவ கட்டியிருந்ததுதான். அவ உடம்ப எடுக்கும்போது மாமாவுக்கு அடியில மாட்டிக்கிச்சு. கனமான புடவையாச்சே, தூக்கிப் போட மனசு வரல. மூணு தண்ணி அலசித்தாம்மா குடுத்தேன்."

வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். பதினோரு நாளாக அந்தப் புடவையைத்தான் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.