டிரைவரம்மாவின் மூன்று ஏரிகள்

டிரைவரம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். இருபது வருஷத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டியவர். முதல் நாள் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, இறங்கிவிடலாமா என்று எழுந்த ஒரு பயணியை, "உக்காருங்க சார், ஊர் போய்ச் சேந்தப்புறம் பயந்துக்கலாம்" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லி உட்கார வைத்தார். அந்த ஆள் பிற்பாடு, இவர் வண்டிக்காக முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு நிற்கிற அளவுக்கு மாறிப்போனார். இந்தக் கதையை டிரைவரம்மாவே சொல்லித்தான் டிப்போ முழுக்கத் தெரியும். அடுத்தவர் வந்து தன்னைப் புகழட்டும் என்று காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

அவர் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மிஷின் சுவரைப் பார்த்துக் கிடக்கும், வெளிச்சம் பின்னாலிருக்கும் ஜன்னலிலிருந்து தோள் வழியாகத் துணியில் விழும். தெருவில் ஊர்வலமே போனாலும் மனிதர் திரும்ப மாட்டார். மனைவி பத்து வார்த்தை பேசினால் இவர் ஒன்று பேசுவார், அதையும் வாயிலிருக்கும் குண்டூசியை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதால் பாதி நாள் பேசவே மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் போனில் மகனிடம் "சரிப்பா" என்று சொல்லிவிட்டார். மகன் வெகுதூரத்து நகரத்தில் வீடு வாங்கியிருந்தான். அம்மாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?" என்று டிரைவரம்மா பிடித்துக்கொண்டார்.

"இங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு? அங்கயாவது கடல் இருக்காம்."

"என்ன இருக்கா? மூணு ஏரி இருக்குங்க! அவனவன் ஊர்ல ஒண்ணுக்கே வழியில்ல. நம்ம ஊர்ல மூணு!"

"நான் ஒண்ணும் பாக்கலையே."

"ஞாயித்துக்கிழமை கடையச் சாத்துங்க. நான் காட்டறேன். அன்னைக்குச் சாயந்தரமும் இங்க ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, நானே பெட்டியக் கட்டறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற யோசனையும் கூடவே ஓடியது. ஹாரன் சத்தத்தை வைத்தே 'நம்ம டிரைவரம்மா வந்தாச்சு' என்று கடைக்காரர்கள் சொல்கிற தெருக்களை விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரருக்கே தன்னைத் தெரியாத ஓர் ஊரில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? அவருக்குப் போக மனமில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த ஏரிகளில் ஒன்றின் கரையிலும் அவர் இறங்கியதே இல்லை. எல்லாம் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான். ஆனால் இத்தனை வருஷம் பார்த்த பிறகு இறங்கி வேறு பார்க்க வேண்டுமா என்ன?

ஞாயிறு காலை, கையில் குடையும் ரொட்டிப் பொட்டலமுமாகக் கணவரோடு, தான் ஓட்டும் அதே பேருந்தில் முதல்முறையாகப் பயணியாக ஏறினார். ஓட்டியது டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருந்தவர். டிரைவரம்மாவின் வலது கால் தரையை மிதித்து மிதித்து ஓய்ந்தது.

"தம்பி, வளைவுல செகண்ட் கியருக்கு வந்துடு."

"வந்துட்டேன்க்கா."

"ஓட்டறது அவரு. நீ சும்மா உக்காரு" என்றார் தையல்காரர்.

முதல் ஏரி, படகுத்துறையில். நீலப் படுதாவைக் கூரையாகப் போட்ட படகில் ஏறினார்கள். கணவர் தண்ணீரைப் பார்ப்பார் என்று டிரைவரம்மா ஆசையாகத் திரும்பினால், அவர் அண்ணாந்து கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீலத்தில் ஓரிடம் கிழிந்து, சிவப்புத் துணி ஒட்டுப் போட்டிருந்தது.

"யாரு இதத் தச்சது? கண்ண மூடிட்டுத் தச்ச மாதிரி இருக்கு."

"நான்தான் சார்" என்றார் படகுக்காரர்.

சொல்லிவிட்டுத் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார். நடு ஏரியில் காற்று வந்தது. தையல்காரர் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களைத் தண்ணீரில் விட்டு, கரை திரும்பும்வரை எடுக்கவில்லை. டிரைவரம்மா அதைக் கவனித்து மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

மறுபடி பேருந்து ஏறி, சந்தைத் தெரு வழியாகக் குன்றின் பின்பக்கம் சுற்றி, பம்ப் ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆளுயரக் கோரை, அதன் நடுவே கூட்டம் கூட்டமாக வெள்ளைப் பறவைகள்.

"இது வேற ரகம். தண்ணியப் பாருங்க. அது பச்சை, இது நீலம். இதோட குணமே தனி" என்று, தானே வெட்டிய ஏரிபோல விளக்கினார் டிரைவரம்மா. தையல்காரர் நெற்றியில் கைவைத்துத் தூரத்தில் எதையோ வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமா. வேற ரகம்தான்" என்றார். டிரைவரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் சிரித்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது ஏரி ஊரின் கடைசி நிறுத்தத்தில். பாறைச் சரிவு இறங்கித் தண்ணீரைத் தொடுகிற இடம். அங்கே உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தபோதுதான் குடை இல்லாதது தெரிந்தது. "பஸ்ல விட்டுட்டேன் போல" என்று டிரைவரம்மா தேடிக்கொண்டிருக்கையில், தண்ணீரிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"அக்கா! உங்க குடை!"

நீலக் கூரை, சிவப்பு ஒட்டு. காலையில் பார்த்த அதே படகுக்காரர், யாரோ நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்தவர், கரையோரம் ஒதுக்கிக் குடையை நீட்டினார்.

"ஏம்ப்பா, நீ எப்படி இந்த ஏரிக்கு வந்த?"

"எந்த ஏரிக்கு?"

"இந்த ஏரிக்கு!"

படகுக்காரர் திருதிருவென்று விழித்தார். "இருக்கறதே ஒரு ஏரிதானேக்கா? காலைல நீங்க ஏறினது அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி."

டிரைவரம்மா குடையோடு நின்றது நின்றபடி நின்றார். சாலை சந்தைக்குள் புகுந்து, குன்றைச் சுற்றி, அதே தண்ணீருக்குத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு வளைவு என்பது ஸ்டியரிங்கை ஒடிக்கிற நேரம்தான். நிமிர்த்தியதும் அது மறந்துபோகும். அதனால் அவர் மனசில் ரூட்டு நேர்கோடாகவே கிடந்தது, அதன் ஓரத்தில் தனித்தனியாக மூன்று ஏரிகள். இதை எத்தனை பயணிகளிடம் அளந்திருப்பார்! மகன் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' கட்டுரையில் அம்மா சொன்னபடி மூன்று ஏரி என்று எழுதி, முழு மதிப்பெண் வேறு வாங்கியிருந்தான்.

படகு போன பிறகு பாறையில் உட்கார்ந்தார். வெட்கத்தை விடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. ஊரை விட்டு வரமாட்டேன் என்று சண்டை பிடித்தோமே, இந்த ஊரைப் பற்றி நமக்கே என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

"மூணுன்னு சொன்னேன். ஒண்ணுதான் இருக்கு. நான் தோத்துட்டேங்க. பெட்டியக் கட்டிடலாம்."

"எனக்கு ரெண்டாவதுலயே தெரியும்" என்றார் தையல்காரர். "அந்தப் படகு தூரத்துல போச்சு. அப்படி ஒரு கேவலமான ஒட்டு உலகத்துல இன்னொண்ணு இருக்க முடியாது."

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா மூணாவது ஏரிக்கு என்னைக் கூட்டிட்டு வந்திருப்பியா?"

டிரைவரம்மா குடை நுனியால் பாறையைத் தட்டினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகன்தான். தையல்காரர் எடுத்தார், டிக்கெட் போடட்டுமா என்று அவன் கேட்பது டிரைவரம்மாவுக்கும் கேட்டது.

"இப்ப வேணாம்டா" என்றார் தையல்காரர். "உங்கம்மாவுக்கே இன்னும் ஊர் சரியாத் தெரியல. முழுசாப் பாத்து முடிச்சிட்டுச் சொல்றோம்."

எனக்கா ஊர் தெரியாது என்று சீறிக்கொண்டு வாயைத் திறந்த டிரைவரம்மா, அதை அப்படியே மூடிக்கொண்டார். தையல்காரர் ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தார். கரையை ஒட்டி, பேருந்து எதுவும் நுழைய முடியாத ஓர் ஒற்றையடிப் பாதை படகுத்துறைப் பக்கம் போயிற்று. அவர் முன்னால் நடந்தார். இவர் குடையை விரித்துக்கொண்டு பின்னால்.

"ஏங்க, மெதுவாப் போங்க. வளைவு வருது" என்றார் டிரைவரம்மா. "இத நான் பாக்கணும்."