வெயிலை எழுதுகிறவர்

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டை டீக்கடைக்குத் தினமும் ஒருவர் வருவார். வானிலை நிலையத்தில் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, கறுப்புக் குடை, காதில் செருகிய பென்சில். எதைக் கண்டாலும் எண்ணுவார். வடையில் எத்தனை மிளகு என்பது வரை.

கத்திரி வெயில் வந்தால் கடையில் எல்லோரும் அவரைத்தான் வைவார்கள். அணைத்தால் லேசில் கிளம்பாத என் ஸ்கூட்டரை ஓடவிட்டபடியே நானும் ஒருநாள் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இவ்வளவு ஏத்தி வச்சிட்டிய?"

"நான் எழுதத்தான் செய்யுதேன் வே. கூட்டுதது நீருதான்." ஸ்கூட்டர் புகையைக் காட்டினார்.

"இந்த ஓட்டை வண்டியாலயா?"

"ஒலகத்துப் புகையெல்லாம் சேந்து மேல போர்வையா நிக்கு, சூட்டை வெளிய விடாம. அடிக்கிற வெயில் இன்னும் ஏறத்தான செய்யும்? ஒரு நாளைப் பாத்தா தெரியாது. பழைய நோட்டையெல்லாம் பொரட்டும், தெரியும்."

வெட்கப்பட்டு வண்டியை அணைத்தேன். டீ குடித்துவிட்டு உதைத்தால் கிளம்பவே இல்லை. அவர் எனக்குக் குடை பிடித்தபடி ஒவ்வொரு உதையையும் சத்தமாக எண்ணினார். பதினேழு. அதையும் அன்றைய வெயிலுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.